குவெவ்ரி ஒயினும் ஆர்கானிக் ஒயினும் ஒன்றல்ல: ஜார்ஜியப் பண்ணைகளுக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் ஒருநாள் ஒயின் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்களில் குவெவ்ரி, ஆர்கானிக், நேச்சுரல் என்ற மூன்று சொற்களும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான் என்ற நினைப்பிலேயே பலரும் வண்டி ஏறுகிறார்கள். மண்தாழியில் செய்தால் ரசாயனம் இருக்காது, பழைய முறை என்றால் இயற்கை முறைதான், அதில் ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட் துளியும் கிடையாது, அதனால் மறுநாள் தலை வலிக்காது என்று பேச்சு நீள்கிறது. இவற்றில் ஒன்றைக்கூட அப்படியே ஏற்க முடியாது.

ஒயினை எந்தப் பாத்திரத்தில் செய்தார்கள் என்று கேட்டால் வரும் பதில் குவெவ்ரி என்னும் மண்தாழி. கொடியை எப்படி வளர்த்தார்கள் என்று கேட்டால் வருவது ஆர்கானிக். பழம் பாத்திரத்துக்குள் போன பிறகு எதைச் சேர்த்தார்கள், எதைச் சேர்க்காமல் விட்டார்கள் என்று கேட்டால் வருவது நேச்சுரல். ஒரே பாட்டிலுக்கு மூன்றும் பொருந்தலாம், ஒன்று மட்டும் பொருந்தலாம். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துப் பழத்தையும் குவெவ்ரியில் போடலாம். ஆர்கானிக் சான்றிதழ் பெற்ற பழத்தை எஃகுத் தொட்டியில் போட்டுச் செய்வதும் நடக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால் பண்ணைக்காரர் சொல்வதில் பாதிக்கு மேல் தானாகவே விளங்கும்.

இங்கே பேசுவது அமெரிக்க மாநிலமான ஜார்ஜியாவைப் பற்றி அல்ல. கருங்கடலின் கிழக்குக் கரையில், காக்கசஸ் மலையின் தெற்குச் சரிவில் இருக்கும் நாடு இது. திபிலீசிக்குத் தெற்கே, சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் தோண்டியெடுத்த பானை ஓடுகளில், கி.மு. 6000 வாக்கில் வைத்திருந்த திராட்சை ஒயினின் வேதித் தடயங்கள் கிடைத்தன. அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. குவெவ்ரி முறையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது 2013இல். பழமை உண்மைதான். ஆனால் பழமையை வைத்து மட்டும் ஒரு பாட்டிலின் தரத்தைச் சொல்லிவிட முடியாது.

சாறு ஒயின் ஆவது எப்படி

திராட்சைத் தோலின் மேலும் பண்ணையின் சுவர்களிலும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஒட்டியிருக்கிறது. பழத்தை நசுக்கியதும் அது சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. இதற்கு நொதித்தல் என்று பெயர். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். நன்றாகப் பழுத்த திராட்சையில் லிட்டருக்கு 220 கிராம் இருக்கும் என்றால் ஒயின் 13 சதவீதத்துக்கு வரும். அந்த ஒரு லிட்டர் சாறு ஒயினாகி முடிவதற்குள் வெளியேறும் வாயு 50 லிட்டருக்கும் மேல். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குவெவ்ரியின் வேலையும் ஆபத்தும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

நிறத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் பெரும்பாலான வகைகளில் சாறு வெளிறித்தான் இருக்கும், ஏனென்றால் நிறம் இருப்பது தோலில். தேயிலையை வெந்நீரில் போட்டு உடனே வடித்தால் வெளிறிய நீர், ஊறவிட்டால் அடர்ந்த நிறமும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும். திராட்சைத் தோலும் அப்படித்தான். அந்தத் துவர்ப்பைத் தருகிற பொருளுக்கு டானின் என்று பெயர். தோல், விதை, காம்பு மூன்றிலும் அது உண்டு. கறுப்புத் திராட்சையைத் தோலோடு ஊறவைத்தால் சிவப்பு ஒயின். வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து தோலை உடனே நீக்கிவிட்டால் ஐரோப்பிய பாணி வெள்ளை ஒயின். அதே வெள்ளைத் திராட்சையைத் தோலோடு மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தேன் நிறத்தில் ஒன்று கிடைக்கும். அதுதான் ஆம்பர் ஒயின். வெளிநாட்டுக் கடைகளில் ஆரஞ்சு ஒயின் என்று விற்பதும் இதுவே. ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சுருக்கமாக: ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது, தோலோடு ஊறும் காலம் நிறத்தையும் துவர்ப்பையும் தீர்மானிக்கிறது. இனி பாத்திரத்துக்கு வரலாம்.

தாழியின் வடிவம் செய்யும் வேலை

குவெவ்ரி என்பது முட்டை வடிவிலான, அடி கூர்ந்த மண்தாழி. கைப்பிடி கிடையாது. கழுத்துவரை தரையில் புதைத்துவிடுவதால் அதற்குத் தேவையும் இல்லை. சில பத்து லிட்டர் கொள்ளும் சிறியதும் உண்டு, பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பெரியதும் உண்டு. குயவர் களிமண்ணைத் திரித்து, வளையத்தின் மேல் வளையமாக ஏற்றிக்கொண்டே போவார். கீழ் வளையம் கொஞ்சம் இறுகினால்தான் அடுத்ததைத் தாங்கும், அதனால் பெரிய தாழி ஒன்று எழும்ப வாரக்கணக்கில் ஆகும். நன்றாக உலர்த்திய பின் சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் பல நாள் சுடுகிறார்கள். சூடு முழுதும் ஆறுமுன் உட்புறம் தேன்மெழுகு பூசுவார்கள். மெழுகு மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கி ஒயின் கசியாமலும் கிருமி தங்காமலும் காக்கிறது. அது சுவருக்குள் ஊறியிருக்க வேண்டும். மேலே தடித்த படலமாக நின்றால் உரியத் தொடங்கும், உரிந்த இடத்துக்குப் பின்னால் அழுக்கு சேரும். கிழக்கே ககேத்தி மாகாணத்தில் வர்திசுபானி, மேற்கே இமெரெத்தியில் ஷ்ரோஷா, மகத்துபானி ஆகியவை இந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள்.

தாழிகளைப் புதைத்து வைத்திருக்கும் கூடத்தை மரானி என்கிறார்கள். உள்ளே போனால் தரையில் வட்ட வாய்கள் மட்டுமே தெரியும், மற்றதெல்லாம் மண்ணுக்குள்.

அறுவடைக் காலமான ர்த்வெலி ககேத்தியில் செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. பழத்தைக் குடைந்த மரத்தொட்டியில் கொட்டி மிதிப்பது பழைய வழக்கம். இப்போது பல பண்ணைகளில் கையால் சுற்றும் நசுக்கும் கருவி வந்துவிட்டது. சாறும், அதோடு சாச்சா எனப்படும் தோல், விதை, காம்புத் தொகுதியும் சேர்ந்து தாழிக்குள் போகும். தாழியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. முக்காலோ அதற்குச் சற்று மேலோ நிரப்பி, மிச்சத்தைக் காலியாக விடுவார்கள். நொதிக்கும்போது எழும் வாயு தோல்களை மேலே தள்ளித் தடித்த மூடியாகக் கட்டிவிடும். இடம் விடாவிட்டால் அது பொங்கித் தரையில் வழியும்.

மிதக்கும் அந்தத் தோல்மூடியை நீளமான மரக்கோலால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை உள்ளே அமுக்க வேண்டும். இரவிலும் எழுந்துபோய் அமுக்குபவர்கள் உண்டு. அமுக்காவிட்டால் மேற்பரப்பு உலர்ந்து காற்றில் கிடக்கும், ஈக்கள் மொய்க்கும், அதில் ஆல்கஹாலை வினிகராக்கும் பாக்டீரியா குடியேறும். ஒரு குவெவ்ரி ஒயின் நன்றாக வருமா என்பது பெருமளவு இந்த இரண்டு மூன்று வாரங்களில் அமுக்குகிறவரின் பொறுமையைப் பொறுத்தது.

நொதித்தல் அடங்கியதும் தூக்கிப் பிடிக்க வாயு இல்லாததால் தோல்மூடி தானே மூழ்கத் தொடங்கும். குவெவ்ரியின் வடிவம் தன் வேலையைக் காட்டுவது அப்போதுதான். கனமான விதைகள் முதலில் இறங்கி அடிக்கூரில் குவிகின்றன. அவற்றின் மேல் இறந்த ஈஸ்ட்டின் வண்டல் படிகிறது, அதற்கும் மேல் தோல்கள். கசப்பான டானின் நிறைந்த விதைகள் வண்டலுக்கு அடியில் குறுகிய இடத்தில் அடைபட்டுவிடுவதால் ஒயினோடு அவற்றுக்குத் தொடர்பு குறைகிறது. இதே பழத்தைத் தட்டையான அடி கொண்ட தொட்டியில் அரை ஆண்டு விட்டால் விதைகள் அகலப் பரந்து கிடந்து கசப்பை ஏற்றிவிடும்.

மண்ணுக்குள் புதைப்பதற்குக் காரணம் வெப்பம். நொதித்தல் சூட்டைக் கிளப்புகிறது; 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து, சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே வேலையை நிறுத்திவிடும். சுற்றியிருக்கும் குளிர்ந்த மண் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பின்பு பனிக்காலத்தில் அதே மண் ஒயினை உறையவிடாமல் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கிறது. தாழி மிகப் பெரிதானால் உள்ளிருக்கும் அளவோடு ஒப்பிடச் சுவரின் பரப்பு குறைவு, சூடு எளிதில் வெளியேறாது. அதனால்தான் கவனமாகச் செய்யும் சிறு பண்ணைகள் பலவற்றில் நடுத்தர அளவுத் தாழிகளே அதிகம்.

அடுத்து, வேறு தாழியிலுள்ள அதே வகை ஒயினைக் கொண்டு தாழியை விளிம்புவரை நிரப்புவார்கள். இந்தக் கட்டத்தில் கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்போதும் கொஞ்சம் வாயு வரும் என்பதால் மூடியைத் தளர்வாகவே வைப்பார்கள். அதுவும் ஓய்ந்த பிறகு கல்மூடியைச் சுற்றி ஈரக்களிமண் பூசி அடைத்துவிட்டு, மார்ச் அல்லது ஏப்ரலில் திறப்பார்கள். தெளிந்த ஒயினை வேறு சுத்தமான தாழிக்கு மாற்றிய பின் மிஞ்சும் சக்கையைக் காய்ச்சி வடிப்பார்கள். கிடைக்கும் சாராயத்துக்கும் சாச்சா என்றே பெயர்.

புதியவர்களை வியக்கவைக்கும் ஒன்று: ககேத்தியில் வெள்ளைத் திராட்சைதான் தோலோடு ஐந்து ஆறு மாதம் கிடக்கிறது. சப்பெராவி போன்ற சிவப்பு வகையை நொதித்தல் முடிந்ததும் பெரும்பாலும் தோலிலிருந்து பிரித்துவிடுகிறார்கள். சப்பெராவியின் சதையே சிவப்பு, அதனால் நிறத்துக்காக அதிக நாள் ஊறத் தேவையில்லை. இமெரெத்தியில் வழக்கம் வேறு. அங்கே காம்பை நீக்கிவிட்டு, தோலிலும் ஒரு பங்கை மட்டுமே சேர்ப்பார்கள், ஊறும் காலமும் குறைவு. ஆகவே குவெவ்ரி ஒயின் எல்லாமே கடும் துவர்ப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். ககேத்தியின் ர்காட்சிதெலி, இமெரெத்தியின் சோலிகௌரி என்ற இரண்டு வெள்ளைத் திராட்சை வகைகளின் ஒயினையும் அடுத்தடுத்துச் சுவைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எங்கே கெடுகிறது

அதிகம் கெடுவது அழுக்கால். காலியான தாழியை செர்ரி மரப்பட்டையை அடுக்கிச் செய்த தூரிகையால் தேய்த்து, சாம்பல் நீரோ சுண்ணாம்பு நீரோ விட்டுக் கழுவி, கடைசிக் கழுவுநீர் குடிக்கிற தண்ணீர்போலத் தெளியும்வரை விடமாட்டார்கள். வேலை முடிந்ததும் உள்ளே கந்தகத் திரி கொளுத்துவார்கள். பெரிய தாழிக்குள் ஆளே இறங்கித்தான் தேய்க்க வேண்டும். இதில் உயிராபத்து உண்டு. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தாழிக்குள்ளும் காற்றோட்டமில்லாத மரானியின் தரையோரத்திலும் தங்கிவிடும். நொதிக்கும் காலத்தில் பண்ணைக்குப் போனால் திறந்த தாழியின் மேல் முகத்தைக் கொண்டுபோய் முகராதீர்கள், குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

மூடிக்கும் ஒயினுக்கும் இடையில் காற்று இருந்தால் வினிகர் வாசம் ஏறும். காம்பு பழுக்காமல் பச்சையாக இருந்து அதையும் சேர்த்துப் போட்டிருந்தால் பச்சிலைக் கசப்பு வரும். அழுகிய முட்டை வாசம் ஈஸ்ட்டுக்குப் போதிய சத்து கிடைக்காததன் அறிகுறி, கிண்ணத்தைச் சுழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் சில சமயம் அது போய்விடும். வினிகர் வாசம் போகாது. கலங்கல் மட்டும் குறையல்ல, வடிகட்டாத ஒயினில் அது இயல்பு. ஆனால் வினிகர் நெடியடிப்பதை “எங்கள் மரபுச் சுவை” என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நல்ல குவெவ்ரி ஒயினில் உலர்ந்த ஆப்ரிகாட், வால்நட், தேன், காய்ந்த மூலிகை வாசங்கள் துலக்கமாக வரும்.

ஆர்கானிக் என்றால் மருந்தே அடிக்காததா?

இல்லை. செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி இல்லாமல் வளர்ப்பதுதான் ஆர்கானிக். கொடியைத் தாக்கும் சாம்பல் நோய்க்குக் கந்தகத்தையும், அடிச்சாம்பல் நோய்க்குச் செம்புக் கலவையையும் ஆர்கானிக் விவசாயியும் அடிக்கிறார். செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 ஆண்டில் 28 கிலோவுக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. வழக்கமான தோட்டம் ஆர்கானிக் சான்றிதழ் பெற மூன்று ஆண்டு மாற்றுக்காலம் ஆகும்.

ககேத்தி ஒப்பளவில் வறண்டது, அங்கே பூஞ்சை நோய்த் தொல்லை குறைவு. கருங்கடல் ஈரம் வீசும் மேற்குப் பகுதிகளான குரியா, சமெக்ரெலோ பக்கம் ஆர்கானிக்காக விளைவிப்பது பெரும்பாடு. ஆகவே மேற்கிலிருந்து வரும் நல்ல ஆர்கானிக் ஒயினுக்கு விலை கூடுதலாக இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

சான்றிதழ் இல்லாத சிறு பண்ணைகளும் பல. சோதனைக் கட்டணமும் பதிவேடுகளும் அரை ஹெக்டேர் வைத்திருப்பவருக்குப் பாரம். அவர் உண்மையாகவே மருந்தில்லாமல் வளர்க்கலாம். அப்படியானால் வரிசைகளுக்கிடையே புல்லும் பூவும் இருக்கும், களைக்கொல்லியில் கருகிய பழுப்புப் பட்டை இருக்காது. தோட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்காதவரை நம்பலாம் என்பது என் கருத்து.

நேச்சுரலும் சல்ஃபைட்டும்

நேச்சுரல் ஒயினுக்கு உலகம் முழுதும் ஒத்துக்கொண்ட சட்ட வரையறை இல்லை. பொதுவாக அதன் பொருள்: ஆர்கானிக் பழம், பழத்தோடு வந்த ஈஸ்ட், எதையும் சேர்க்காமல், அல்லது கடைசியில் கொஞ்சம் சல்ஃபைட் மட்டும் சேர்த்துச் செய்வது.

சல்ஃபைட் என்பது கந்தகச் சேர்மம். பாக்டீரியாவை அடக்கும், ஒயின் காற்றுப்பட்டுக் கெடுவதைத் தள்ளிப்போடும். நொதிக்கும்போது ஈஸ்ட்டே சிறிதளவு உண்டாக்கிவிடுவதால் முழுப் பூஜ்யம் என்பது கிடையாது. “சேர்க்கவில்லை” என்பதுதான் சரியான பேச்சு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சர்க்கரை மிச்சமில்லாத சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம்வரையும் ஆர்கானிக்கில் 100வரையும் இருக்கலாம். வெள்ளையில் அந்த எண்கள் 200, 150. அதாவது ஆர்கானிக் முத்திரை இருந்தாலும் சல்ஃபைட் இருக்கலாம்.

தலைவலியைப் பொறுத்தவரை, சல்ஃபைட்டின் மேல் பழி போடுவதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் விற்கும் உலர்ந்த ஆப்ரிகாட்டில் ஒயினைவிடப் பல மடங்கு சல்ஃபைட் உண்டு. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, அவர்கள் கவனமாக இருப்பது நல்லது. மற்றவர்களுக்கு மறுநாள் தலைவலியின் முதல் காரணம் ஆல்கஹாலும் தண்ணீர் குடிக்காததும்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தாழி வேறு, தோட்டம் வேறு, சேர்மானம் வேறு. ஜார்ஜியாவில் செய்யப்படும் ஒயினில் பெரும்பங்கு எஃகுத் தொட்டிகளில் ஐரோப்பிய பாணியில் உருவாவது. குவெவ்ரி அதில் ஒரு சிறு பங்கு, ஆர்கானிக் குவெவ்ரி அதைவிடச் சிறிது. சோவியத் காலத்தில் ஆலைகள் அளவையே பார்த்தன, குவெவ்ரி வீட்டுத் தேவைக்கான ஒயினில் உயிர்பிழைத்தது. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினைத் தடைசெய்ததும் வேறு சந்தைகளையும் வேறு தரத்தையும் தேட வேண்டியிருந்தது. இன்றைய சிறு பண்ணைகள் பல அந்த நெருக்கடிக்குப் பின் வளர்ந்தவை.

ஒரு நாளுக்குள் எதைப் பார்க்கலாம்

மூன்று பண்ணைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு வகை, வகைக்கு 30 முதல் 50 மில்லி என்றால், மூன்றாவது இடத்திலேயே நாக்கு மழுங்கிவிடும். துப்புவதற்குப் பாத்திரம் கேட்டு வாங்கலாம், அது அவமரியாதை இல்லை. ஓட்டுநர் தனியாக இருக்க வேண்டும்.

நேரம் குறைவென்றால் திபிலீசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் பழைய தலைநகர் ம்த்ஸ்கெத்தாவைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து சர்தாகி ஊருக்குப் போகலாம். அங்கே இயாகோ பிதாரிஷ்விலியின் பண்ணையில் சினுரி என்ற வெள்ளை வகையைத் தோலோடும் தோலில்லாமலும் செய்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைப்பதைவிட நல்ல பாடம் தொடக்கக்காரருக்குக் கிடையாது. நாட்டில் ஆர்கானிக் சான்றிதழ் பெற்ற முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

முழு நாள் இருந்தால் ககேத்தி. கோம்போரி கணவாய் வழியே தெலாவி, அங்கிருந்து 11ஆம் நூற்றாண்டு அலாவெர்டி மடம், பிறகு நபரெயுலியில் குவெவ்ரி அருங்காட்சியகம். கடைசியில் சொன்ன இடத்தில் தாழிக்குள் நுழைந்து பார்க்கும்படி பெரிய மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். மடத்துக்குப் போவதானால் பெண்களுக்குத் தலைமூடும் துணியும் முழங்காலுக்குக் கீழ் தொங்கும் உடையும் வேண்டும், ஆண்கள் அரைக்கால்சட்டையோடு போக முடியாது. பனிக்காலத்தில் கணவாயில் பனி கிடக்கும், அப்போது சுற்றுப்பாதையில் போங்கள். மற்றொரு வழி, 110 கிலோமீட்டரில் உள்ள மலைநகர் சிக்னாகி. அங்கே ஃபெசண்ட்ஸ் டியர்ஸ் பண்ணையின் சுவைக்கூடம் இருக்கிறது. இரண்டு வழிகளையும் ஒரே நாளில் திணித்தால் பாதி நாள் வண்டியில்தான் கழியும்.

வேலை நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் கடைசி வாரங்கள், தாழி திறப்பதைப் பார்க்க ஏப்ரல். டிசம்பரில் போனால் அடைத்த மூடிகளைத்தான் பார்க்கலாம். சைவ உணவுக்காரர்கள் தயங்க வேண்டாம்: பீன்ஸ் வைத்துச் செய்யும் லோபியோ, கீரையும் வால்நட்டும் சேர்ந்த ப்காலி, வால்நட் அரைப்பு வைத்துச் சுருட்டிய கத்திரிக்காய், பாலாடைக்கட்டி ரொட்டியான கச்சாபுரி எங்கும் கிடைக்கும். ஆம்பர் ஒயினின் துவர்ப்புக்கு வால்நட் நன்றாக ஈடுகொடுக்கிறது.

பண்ணைக்காரரிடம் கேட்கத் தகுந்தவை சில. தோட்டம் சொந்தமா, பழம் வாங்குகிறீர்களா? சான்றிதழ் யாருடையது, அது தோட்டத்துக்கா ஒயினுக்கா? எத்தனை மாதம் தோலோடு இருந்தது, காம்பும் சேர்ந்ததா? சல்ஃபைட் எந்தக் கட்டத்தில், லிட்டருக்கு எவ்வளவு? செய்கிறவரே பேசினால் கடைசிக் கேள்விக்கு எண்ணோடு பதில் வரும்.

வாங்கி வருவதானால், இந்தியாவில் பெரியவர் ஒருவர் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு தாராளமாக அடங்கும், மூன்றாவது வரம்பைத் தாண்டிவிடும். சல்ஃபைட் சேர்க்காத ஒயின் வெப்பத்தைத் தாங்காது. சென்னை வெயிலில் அலமாரியில் வைத்தால் சில வாரங்களிலேயே நிறமும் வாசமும் மாறத் தொடங்கும். குளிர்பதனப் பெட்டியில் படுக்கவைத்து, பரிமாற அரை மணி நேரத்துக்கு முன் வெளியே எடுங்கள். ஆம்பர் ஒயின் 14 டிகிரியை ஒட்டி இருக்கும்போது வாசம் நன்றாக விரியும்; பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தால் துவர்ப்பு மட்டுமே முன்னால் நிற்கும்.